உப்பிட்ட இடத்துக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை

சண்டை முடிந்து நான் திருத்தணி ஸ்டேஷனில் வந்து இறங்கின அன்றைக்கு மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். எழுபத்திரண்டு, மாசி மாதம். எனக்குத்தானோ என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன் பாருங்கள், அதை இப்போது நினைத்தாலும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது. அதே ரயிலில் எங்கள் ஊர் ஆள் ஒருத்தரும் வந்திருந்தார். பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறவர். சண்டை நடந்த நாளெல்லாம் பூனாவில் ஒரு டிப்போவில் டயர் எண்ணிக்கொண்டிருந்ததாக அவரே ரயிலில் என்னிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னார். பேச்சுவாக்கில் நான் லெப்டினன்ட் என்று தெரிந்ததும் பெஞ்சை விட்டு எழுந்து நின்றவர். இறங்கினதும் அவர் கழுத்தில் மாலைமேல் மாலை விழுந்தது. நான் புடவையில் இருந்தேன், உடுப்பெல்லாம் டிரங்குப் பெட்டிக்குள். கூட்டத்தில் ஒரு பெரியவர், நல்ல மனுஷர்தான், என்னைப் பார்த்து, "கொஞ்சம் ஓரமா நில்லும்மா, மிலிட்டரிக்காரர் வர்றாரு" என்றார்.

ஓரமாக நின்றேன். வேறென்ன செய்ய? மாலை விழுந்தவர் என் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொல்லப் பார்த்தார், மேளத்தில் யார் காதில் விழும்? பெட்டியை நானே தூக்கிக்கொண்டு எங்கள் தெருவுக்கு நடந்தேன். வழியில் கேட்டவர்கள் எல்லாம் ஒரே கேள்வி. மிலிட்டரி ஆஸ்பத்திரியில் சாப்பாடு நன்றாகப் போடுவார்களாமே? ஒருத்தர் மட்டும் குரலைத் தாழ்த்தி, ரம் பாட்டில் ஒன்று கிடைக்குமா என்றார். சண்டைக்குப் பக்கத்தில் நான் போயிருப்பேன் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நர்ஸ் என்றால் விசிறிக்கடியில் ஊசி போடுகிறவள், அவ்வளவுதான்.

நான் இருந்தது கிழக்கே, வங்காள எல்லையிலிருந்து வண்டியில் இரண்டு மணி நேரம். ஒரு பள்ளிக்கூடத்தைக் காலி செய்து ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். கரும்பலகையில் அழிக்காத கணக்கு அப்படியே இருந்தது, அதற்குக் கீழே கால் போனவர்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். முதல் நாள் லாரி வந்து நின்று பின்கதவைத் திறந்தபோதுதான் கண்டேன். படிக்கும்போது பார்த்த காயம் வேறு, இது வேறு. லாரியின் தரையில் வழுக்கிவிடாமல் இருக்க மண்ணைக் கொட்டியிருந்தார்கள், அந்த மண் சேறாகி இருந்தது. எனக்கு அப்போது இருபத்து நாலு வயசு. எங்கள் நர்ஸ் கூட்டத்திலேயே சின்னவள் நான்தான்.

ரத்தத்தைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். யாரும் கேட்காததைச் சொல்கிறேன். மாதம் தவறாமல் வருவது சண்டை நடக்கிறதே என்று நின்றுவிடுமா? ஸ்டோரில் ஷேவிங் பிளேடு இருந்தது, பூட் பாலிஷ் இருந்தது, சிகரெட் இருந்தது. எங்களுக்கு வேண்டிய ஒன்று மட்டும் பட்டியலிலேயே இல்லை. அந்தப் பட்டியலைப் போட்டவனுக்கு அம்மா அக்கா தங்கை யாரும் கிடையாதா? காயத்துக்குக் கட்டும் பஞ்சையும் வலைத்துணியையும் மடித்து வைத்துக்கொண்டோம். ஸ்டோர் ஹவில்தார், உங்கள் வார்டுக்கு மட்டும் ஏன் இத்தனை பஞ்சு என்று கேட்டான். காயம் பெரிசு என்றேன். அப்புறம் காயம்பட்டவர்கள் கூடக்கூடப் பஞ்சை எடுக்க மனசு வரவில்லை, பழைய புடவையைக் கிழித்துக்கொண்டோம். அதைத் துவைத்தால் வெளியே காயப்போடக் கூடாது. வெள்ளைத் துணி விமானத்துக்குத் தெரியும் என்று உத்தரவு. கட்டிலுக்குக் கீழே விரித்துவைப்போம், காயாது. ஈரத்தோடேயே மறுபடி கட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க நின்றால் தொடை என்ன ஆகும் என்று பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வேன். படுத்திருந்தவர்கள், இந்த சிஸ்டருக்கு எப்போதும் கோபம் என்று பேர் வைத்தார்கள்.

எனக்குத் தெலுங்கு வரும் என்பதால் தெலுங்கு பேசுகிற ஆட்களை எல்லாம் என் வரிசையில்தான் போடுவார்கள். ஒருத்தன், சித்தூர்ப் பக்கம், அவன் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னான். எங்கள் ஊர்க்காரர்கள் கதை உங்களுக்குத் தெரியாதா, தெலுங்கு நாக்கில் தண்ணீராய் ஓடும், எழுதத் தெரியாது. அவன் தெலுங்கில் சொல்லச் சொல்ல நான் தமிழ் எழுத்தில் எழுதினேன். கையெழுத்து மட்டும் அவனே போட்டான். மறுநாள் அந்தக் கட்டிலில் வேறு ஆள். அந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்தேன். அந்த ஊரில் அதை யார் படித்துச் சொன்னார்களோ, படித்தார்களோ இல்லையோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இத்தனைக்கும் பிறகு அந்த வேலைதான் வேண்டும் என்று ஏன் நின்றாய் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். எங்கள் வீட்டில் குழம்புக்கு உப்பு போதுமா என்றுகூட என்னைக் கேட்டதில்லை. அங்கே லாரியில் வந்தவர்களைப் பார்த்து, இவரை முதலில் உள்ளே எடுங்கள் என்று நான் சொன்னால் எடுத்தார்கள். நான் சொன்னதால் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். அந்த ருசி பட்டவளுக்கு வேறெதுவும் ருசிக்காது. உடுப்பைக் கழற்றினால் செத்துப்போவேன் என்று நினைத்தேன், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஆனால் அந்தக் காலத்து விதி ஒன்று இருந்தது. கல்யாணமானால் நர்ஸ் வீட்டுக்குப் போக வேண்டும். ஆம்பிளை கல்யாணம் செய்துகொண்டால் குவார்ட்டர்ஸ் கொடுப்பார்கள், பொம்பளை செய்துகொண்டால் சீட்டைக் கிழிப்பார்கள். அதனாலேயே வந்த வரனை எல்லாம் தட்டிக்கழித்து முப்பதைத் தாண்டிவிட்டேன். அம்மா ஒவ்வோர் ஆடிக் கிருத்திகைக்கும் மலையேறி முருகனிடம் சண்டை போட்டுவிட்டு வருவாள். கடைசியில் என் மாமா மகனே கேட்டான். பாவா என்று சின்ன வயசிலிருந்து கூப்பிட்டுப் பழகினவன், அரக்கோணத்தில் ரயில்வே வேலை. ஒரு வருஷம் கடிதமாக எழுதினான். உன்னைப்போல ஒருத்தி நம் வம்சத்திலேயே இல்லை, நீ வேலையை விட வேண்டாம், நான் இருக்கிறேன் என்று எழுதினான். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பினேன். எனக்கும் மனசு உண்டே.

எங்கள் மேட்ரன் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கேரளத்துக்காரர், கண்டிப்பானவர், ஆனால் என்மேல் பிரியம். மேலிடத்தில் ஓர் அதிகாரி விசேஷ அனுமதி தர யோசிக்கிறார், உன் மனுவை நானே அவரிடம் கொடுக்கிறேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. உத்தரவு வரும்வரை கல்யாணம் என்கிற சொல் காகிதத்தில் இந்த ஆபீசுக்குள் வரக்கூடாது. வந்துவிட்டால் கிளார்க் விதிப்படி ஃபைல் போட்டே ஆகணும், அப்புறம் என் கையில் ஒன்றும் இல்லை என்றார். லீவில் கிளம்பும்போதுகூட வாசல்வரை வந்து அதையே சொன்னார்.

ஊருக்கு வந்து பாவாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். விதி, மனு, காகிதம் வரக்கூடாது என்பது, ஒன்று விடாமல். உத்தரவு வராவிட்டால் கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம் என்று அவனே சொன்னான். என் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவேன், அவரிடம் மட்டும் காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் அம்மா காதுக்குப் போகும், கல்யாணத்தால் வேலை போகும் என்று தெரிந்தால் அம்மா அதற்கும் முருகனுக்கு ஒரு கற்பூரம் ஏற்றிவிடுவாள். ஆகவே நைனாவிடம், எங்கள் ஆபீசுக்கு மட்டும் பத்திரிகை அனுப்பாதீங்க என்று மொட்டையாகச் சொல்லிவைத்தேன். தப்பு அங்கேதான். என் தப்பும்தான்.

நைனா தறி நெய்கிறவர். இங்கிலீஷ் தெரியாது, தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் முறை என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டால் விடமாட்டார். எங்கள் வீட்டில் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பத்திரிகை மலைமேல் சாமி காலடியில் வைப்போம். இரண்டாவது, உப்பிட்ட இடத்துக்கு. யார் வீட்டு உப்பைத் தின்று வளர்ந்தோமோ அவர்களுக்கு. மற்றவர்களுக்கு நூல் கொடுத்த முதலாளி, நிலம் கொடுத்தவர் என்று இருக்கும். நைனா கணக்கில் அவர் மகள் பத்து வருஷமாய்ப் பட்டாளத்து உப்பைத் தின்கிறாள். அப்படியிருக்க அங்கே பத்திரிகை போகாமல் கல்யாணமா? நான் வேண்டாம் என்றதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார். என்னிடம் சொல்லாமல் மஞ்சள் தடவி, ஒரு வெற்றிலையும் உள்ளே வைத்து, ரிஜிஸ்டர் தபாலில் எங்கள் பெரிய அதிகாரிக்கு அனுப்பிவிட்டார்.

எனக்கு ஒன்றும் தெரியாது, அனுமதி உத்தரவு எப்படியும் வந்துவிடும் என்றே காத்திருந்தேன். பந்தக்கால் ஊன்றுகிற நாள் வந்தது. கல்யாணத்துக்கு ஏழு நாள் இருக்கும்போது வாசலில் ஒரு கொம்பை நட்டு, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, குழியில் நவதானியம் போட்டு, சுமங்கலிகள் பால் வார்ப்பார்கள். பொண்ணுக்கு மாமாதான் ஊன்ற வேண்டும். என் மாமாவே மாப்பிள்ளைக்கு அப்பாவும் என்பதால் அவர் வீட்டு ஜனமெல்லாம் வந்திருந்தது, பாவாவும் சைக்கிளில் மாவிலைக் கொத்தோடு வந்திருந்தான். காலை எட்டு மணிக்குள் ஊன்றியாகிவிட்டது. எல்லாருக்கும் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தேன். தபால்காரர் வந்தார்.

பழுப்பு உறை, அரசாங்க முத்திரை. நைனாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. அந்த உறைக்குக் குங்குமம் வைத்து, தாம்பாளத்தில் பழத்தோடு எடுத்துவந்து என் முன்னால் நீட்டினார்.

"உங்க ஆபீசுலேர்ந்து வாழ்த்து வந்துகீது. எல்லாருக்கும் கேக்கறாப்பல படி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கை அதுவாகவே உறையைப் பிரித்தது. நாலே வரி. தங்கள் திருமணப் பத்திரிகை கிடைக்கப்பெற்றது. விதிப்படி, திருமணத் தேதியிலிருந்து தங்கள் சேவை முடித்துவைக்கப்படுகிறது. உடைமைகளையும் அடையாள அட்டையையும் ஒப்படைக்கவும். வாழ்த்து என்று ஒரு சொல்கூட இல்லை. இரண்டாம் முறை படித்தேன். கண்ணில் எழுத்து தெரிகிறது, மண்டையில் ஏறவில்லை. லாரிக் கதவைத் திறந்த அன்றைக்குக்கூட என் கால் நின்றது. இப்போது நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பந்தக்காலுக்கு வார்த்த பால் புடவையில் ஊறியதுகூடத் தெரியவில்லை.

யார் அனுப்பியது என்று கேட்டேன். நைனா சிரிப்பு மாறாமல், நான்தாம்மா, உப்பிட்ட இடமாச்சே என்றார். எனக்கு இங்கிலீஷ் ஏது, மாப்பிள்ளைதான் உறைமேல் அட்ரஸ் எழுதிக் கொடுத்தார், அவருக்குத்தான் உன் கேம்ப் நம்பரெல்லாம் மனப்பாடம், உன்னிடம் சொல்ல வேண்டாம், திடீரென்று வாழ்த்து வந்தால் சந்தோஷப்படுவாள் என்று அவர்தான் சொன்னார் என்றார்.

மாப்பிள்ளைதான்.

நான் பாவாவைப் பார்த்தேன். மாவிலைக் கொத்தில் மிச்சமிருந்த இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தான். நீயா எழுதிக் கொடுத்தாய் என்று கேட்டேன். எல்லாம் தெரிந்தா? ஒரு பொய் சொல்வான், தெரியாமல் செய்துவிட்டேன் என்பான் என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். சொல்லியிருந்தால் நம்பியும் தொலைத்திருப்பேன். அவன் நிமிர்ந்து, ரயில்வே கவுன்ட்டரில் டிக்கெட் இல்லை என்று சொல்கிற குரலில் சொன்னான்.

"ஆங். நான் அட்ரஸ் மட்டுந்தான் எழுதுனேன், அனுப்பினது உன் நைனா. கண்ட ஆம்பளைங்கள தொட்டுத் தொடச்சிகினு இருந்ததெல்லாம் போதும். கல்யாணத்துக்கு அப்புறமும் அதையே செய்யணுமா இன்னா?"

தொட்டேன். துடைத்தேன். குடல் வெளியே வந்தவனைத் தொட்டேன், அம்மா அம்மா என்று என் கையைப் பிடித்துக்கொண்டே போனவனைத் துடைத்தேன். ஒரு வருஷம் என் கடிதங்களில் அதையெல்லாம் படித்துவிட்டு, உன்னைப்போல ஒருத்தி இல்லை என்று பதில் எழுதினவன் இதைச் சொல்கிறான். எனக்கு அழுகைகூட வரவில்லை. அத்தை, போகட்டும் விடு, பொண்ணு வீட்டோடு இருந்தால் நல்லதுதானே என்றாள். என் அம்மாவும் தலையை ஆட்டினாள். அதுவும் என் கண்ணில் பட்டது.

நைனாதான் கேட்டார். சிரிப்பு அவர் முகத்தில் பாதியில் நின்றிருந்தது. அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றார். சொன்னேன். அவருக்கு விளங்க நேரம் பிடித்தது. நான் பத்திரிகை அனுப்பினதால்தான் வேலை போச்சா என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ பேரிடம், உனக்கு ஒன்றும் ஆகாது என்று கண்ணைப் பார்த்துப் பொய் சொன்னவள் நான். பெற்ற அப்பனுக்கு ஒரு பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

ஆமா நைனா என்றேன்.

அவர் தாம்பாளத்தைக் கீழே வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். பந்தக்காலிடம் போனார். என்ன செய்யப்போகிறார் என்று யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அப்படி ஒன்றை யாரும் செய்ததில்லை. ஊன்றின பந்தக்காலை ஜனங்கள் கையால்கூட அசைக்கமாட்டார்கள். வீட்டில் சாவு விழுந்தால்கூட முதலில் அதற்கென்ன வழி என்று ஐயரைத்தான் கேட்பார்கள். நைனா இரண்டு கையாலும் அந்தக் கொம்பைப் பிடித்து ஆட்டினார். ஈர மண், சுலபமாக வந்துவிட்டது. நவதானியமும் பாலும் மண்ணுமாக அடியில் ஒட்டிக்கொண்டு வர, கொம்பைப் பிடுங்கித் தெருவில் போட்டார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அலறினாள். மாமா ஓடிவந்து நைனாவின் கையைப் பிடித்தார். மாமாவின் கூடப் பிறந்த தங்கை வீட்டு வாசலில், மாமா கையால் ஊன்றின கால் அது. தெருவே கூடிவிட்டது. நான் எழுந்து நின்றேனே தவிர ஓர் அடி எடுத்துவைக்க முடியவில்லை. குண்டு விழுந்த இடத்தில்கூட எனக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். இங்கே தெரியவில்லை. பாவா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனதை நான் பார்க்கவே இல்லை, பிறகு யாரோ சொன்னார்கள்.

எல்லாரும் போனபிறகு நைனா அந்தக் குழிப்பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் மண். அப்போதுதான் கேட்டார், "அங்க உன்ன திரும்ப சேத்துக்குவாங்களா?"

பிடுங்கிப் போட்டபிறகு கேட்கிறார். தெரியாது நைனா என்றேன். அது சத்தியம், எனக்குத் தெரியவே தெரியாது.

"தெரியலன்னா போய் தெரிஞ்சிகினு வா," என்றார். "ராத்திரி பத்து மணிக்கு மெட்ராஸ் வண்டி கீது."

அந்த வண்டியிலேயே போனேன். கல்யாணம் நடக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். நடக்கவில்லை என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார்கள், நடக்காததற்குச் சாட்சி எங்கே போய்க் கொண்டுவருவது? மேட்ரன் அம்மா என் பக்கத்தில் நின்றுகொண்டு, இவள்தான் சாட்சி என்று சத்தம் போட்டார். நாலு மாதம் ஃபைல் சுற்றியது. அந்த நாலு மாதமும் ஹாஸ்டல் அறையில் உடுப்பை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டிவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சேர்த்துக்கொண்டார்கள்.

நைனா கொடுத்தது கொஞ்சமில்லை. மாமா வீட்டு உறவு அன்றோடு அறுந்தது. அம்மா ஒரு வருஷம் அவரோடு பேசவில்லை, சோற்றை மட்டும் வைத்துவிட்டுப் போவாள். எங்கள் ஜனத்தில் ஒரு நல்ல காரியத்துக்கு அவரைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். பந்தக்காலைப் பிடுங்கின கை, வாசலில் நின்றால் ஆகாது என்றார்கள். தெருவில் கல்யாணம் என்றால் அவரே பள்ளிப்பட்டுக்கு நூல் வாங்கப் போகிற சாக்கில் காலையிலேயே பஸ் ஏறிவிடுவார். ஒரு நாளும் என்னிடம் குறைபட்டதில்லை. நானும் ஒரு நாளும் மன்னிப்புக் கேட்டதில்லை, எப்படிக் கேட்பது என்று தெரியாமலே அவர் போய்ச் சேர்ந்தார்.

பாடை கட்ட ஆள் வந்தபோது தெருவில் ஒரு கிழவர் பக்கத்தில் நின்ற புது ஆளிடம் யார் செத்தது என்று விளக்கிக்கொண்டிருந்தார். பொண்ணு கல்யாணத்தில் பந்தக்காலைப் பிடுங்கிப் போட்டாரே, அவர்தான் என்றார். அந்தப் புது ஆள் என்னைக் காட்டி இது யார் என்று கேட்டார். அந்தப் பொண்ணுதான், ஏதோ ஆஸ்பத்திரியில் வேலையாம் என்றார் கிழவர். நான் அப்போது மேஜர்.